சாமந்தி ஏற்றி வந்த வண்டி

கூட்டேரிப்பட்டு ரோட்டிலிருந்து ஊருக்குள் திரும்பிய லாரி ஏர்ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தது. தெருவில் கட்டிக் கிடந்த கன்றுக்குட்டி முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்த வெள்ளையம்மாள் வாளியோடு ஒதுங்கினாள். தைப் பனி இன்னும் கலையவில்லை. முகப்பு விளக்கு இரண்டும் மஞ்சளாக வந்து அவள் வீட்டு வாசலிலேயே நின்றன.

டிரைவருக்கு மறுபக்கக் கதவு திறந்தது. காதைச் சுற்றி மப்ளர், மணிக்கட்டு வரை ஸ்வெட்டர். இறங்கியவள் சித்ரா. மூன்று வருஷத்துக்கு முன் கட்டிக் கொடுத்து ஊட்டிக்கு அனுப்பிய ஒரே மகள்.

"அம்மா, அப்பாவ எழுப்பு. ஜல்தியா எறக்கணும். இவரு கேரட்டு மூட்டைய கோயம்பேட்ல சேக்கணும்."

வெள்ளையம்மாளின் கண் மகளிடம் நிற்கவில்லை. கேரட் மூட்டைகளின் மேல் கயிறு போட்டுக் கட்டியிருந்த பித்தளை அண்டாவில் போய் நின்றது. திண்டிவனத்தில் பாத்திரக் கடையில் மூன்று மணிநேரம் உட்கார்ந்து பேர் வெட்டி வாங்கிய அண்டா. பக்கத்தில் தவலை. அதற்குப் பக்கத்தில் இரண்டு எவர்சில்வர் குடம், அலுமினிய அன்னக்கூடை. கல்யாணத்துக்குக் கொடுத்த சீரில் முக்கால்வாசி லாரியின் மேல் இருந்தது.

சீர்ப் பாத்திரம் புருஷன் வீட்டைவிட்டு வண்டி ஏறினால் இந்தப் பக்கத்து ஊர்களில் அதற்கு ஒரே அர்த்தம்தான். எதிர்வீட்டுக் கவிதா பல் விளக்கிக்கொண்டே வெளியே வந்தாள். அண்டாவைப் பார்த்தாள். வாயில் இருந்த நுரையைத் துப்பாமல் அப்படியே உள்ளே திரும்பிப் போனாள். அவள் வீட்டுக்காரனை எழுப்பத்தான் போகிறாள் என்று வெள்ளையம்மாளுக்குத் தெரியும்.

தேவநாதன் வேட்டியை இறுக்கிக்கொண்டு வந்தார். அண்டாவை இறக்கத் தோள் கொடுத்தார். அண்டா கனத்தது. உள்ளே பார்த்தார். மண்ணும் தொட்டியுமாக, தொட்டிக்கு நாலைந்து கருப்புக் குச்சி நின்றது. குச்சியில் வாடிக் கருகிய இலை துணிக் கிழிசல் மாதிரி ஒட்டிக் கிடந்தது.

"இன்னா பாப்பா இது? எரிஞ்ச கட்டையா?"

"சாமந்திப்பா."

"சாமந்தியா?"

"மெதுவா எறக்குங்க. குச்சி ஒடிஞ்சிடப் போவுது."

தவலைக்குள்ளும் சாமந்தி. குடத்தின் வாயில் ஒவ்வொன்று, அன்னக்கூடைக்குள் இரண்டு. கேரட் மூட்டை நசுக்கிவிடும் என்று கையில் கிடைத்த பாத்திரத்தில் எல்லாம் நட்டுவைத்த மாதிரி இறக்கிவைத்துக் கொண்டுவந்திருந்தாள். டிரைவர் ஒரு டீயைக் குடித்துவிட்டு, "உங்க பொண்ணு சங்ககிரி தாண்டுற வரைக்கும் என்னை நிம்மதியா ஓட்டவுடல. மேட்டுல ஏறினா போச்சு, மெதுவா மெதுவான்னு ஒரே பேஜாரு," என்று சொல்லிப் போனார்.

வெள்ளையம்மாள் மகளை அடுப்பங்கரைக்குள் இழுத்தாள்.

"மாப்ள எங்க?"

"கோத்தகிரி போயிருக்காரு. வேல கேக்க."

"நீ வர்றது தெரியுமா அவருக்கு?"

"பக்கத்து வூட்ல சொல்லிட்டு வந்திருக்கேன்."

"போன்ல சொன்னா இன்னா?"

"சார்ஜ் இல்ல."

"லாரியில வந்தியே, டிரைவரு போனுகூடவா இல்ல?"

"அம்மா, மொதல்ல கூழு இருந்தா ஊத்து. அப்புறம் கேளு."

கேப்பைக் கூழை மோர் விட்டுக் கரைத்துக் கொடுத்தாள். வெங்காயம் கடித்துக்கொண்டு மூன்று சொம்பு குடித்தாள் சித்ரா. பிறகு வேப்பமரத்தடியில் வெயில் விழும் இடத்தில் போய் உட்கார்ந்து அப்படியே தூங்கிப்போனாள். அடிச்சாங்களா, துரத்தினாங்களா என்று கேட்கக் காத்திருந்த வெள்ளையம்மாள், தூங்குகிறவளின் கை கால்களைப் பார்த்தாள். அடித்த தழும்பு எதுவும் இல்லை. விரல் நுனி மட்டும் வெடித்துச் சிவந்திருந்தது. சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று அவளுக்குப் புரியவில்லை.

மத்தியானம் எழுந்ததும் சித்ரா பேசினாள். பேசியது எல்லாம் செடியைப் பற்றி.

ஊட்டியை ஒட்டிய தலைக்குந்தா பக்கம் அவளும் புருஷன் பூவரசனும் விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்கு எடுத்திருந்த நிலத்தில் சாமந்தித் தொட்டி வளர்த்தார்கள். சீசனுக்கு வருகிறவர்கள் வாங்கிப் போவார்கள். அதற்கு ஒவ்வொரு வருஷமும் குளிர்காலத்தில் தாய்ச் செடியைக் காப்பாற்றி வைக்க வேண்டும். மாசியில் அதன் அடியிலிருந்து கிளம்பும் கொழுந்தைக் கிள்ளி நட்டால் ஒரு தாய்க்குப் பத்துப் பன்னிரண்டு பிள்ளை. தாய் போனால் சீசன் போச்சு. நிலத்துக்காரர் வேறு ஆளுக்கு விட்டுவிடுவார்.

"இந்த வருசம் பனி கொட்டுச்சுப்பா. இங்க உழுற மாதிரி இல்ல. காலையில எழுந்து பாத்தா புல்லு மேல உப்ப வாரி எறச்ச மாதிரி வெள்ளையா. வெயிலு பட்டுச்சோ இல்லியோ, எல எல்லாம் வெந்த கீரையாட்டம் தொங்கிப்போச்சு."

"சரி, செத்துப்போச்சு. வுட்டுத் தொலைக்க வேண்டியதுதானே," என்றார் தேவநாதன்.

"அவரும் அதான் சொன்னாரு. குழியில கொட்டுன்னு சொல்லிட்டுக் கோத்தகிரி போயிட்டாரு. நான் நகத்தால கீறிப் பாத்தேம்ப்பா. மேல கருப்பு. அடியில, மண்ண ஒட்டுன எடத்துல, பச்ச இருந்துச்சு. அங்கயே வெச்சா அடுத்த பனியில அதுவும் பூடும். இங்க சூடு இருக்குது. பொழைச்சுக்கும்."

தேவநாதன் தலையைச் சொறிந்தார். இருபது வருஷமாக மல்லாட்டைக் கடலைக்கு நடுவில் அரை ஏக்கர் சாமந்தி போடுகிறவர் அவர். ஓசூர் பக்கமிருந்து நாற்று வாங்கி நட்டு, பொங்கலுக்குப் பூவைப் பறித்துத் திண்டிவனம் பூக்கடைக்கு அனுப்பிவிட்டு, அடுத்த வாரமே டிராக்டர் விட்டு மடக்கி உழுதுவிடுவார். பூத்து முடிந்த சாமந்தியை உயிரோடு வைத்திருக்க வேண்டும் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

"சாமந்திய எப்படிச் சாவடிக்கிறதுன்னு கேளு, சொல்றேன். காப்பாத்தறது எப்பிடின்னு எனக்கெப்பிடித் தெரியும்?"

"நெழல்ல வைங்க. தண்ணி கையால தெளிச்சாப் போதும். கருகின குச்சிய அறுக்கக் கூடாது. அடியில கொழுந்து வர்ற வரைக்கும் அதுதான் அதுக்குப் போர்வை."

"பொழைக்கலன்னா?"

"பொழைக்கலன்னா அவருக்கு அங்க வேலையில்ல."

"உனக்கு?" என்றாள் வெள்ளையம்மாள்.

சித்ரா தொட்டிகளை எடுத்து வேப்பமரத்து நிழலில் வரிசை வைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் தென்னரசு வந்து இறங்கினான். வெள்ளையம்மாளின் தம்பி. மயிலத்தில் சிமெண்டுக் கடை. பைக்கை நிறுத்தும்போதே தெருவில் இரண்டு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தான்.

"அக்கா, நான் உசுரோட இருக்கறப்பவே சீரத் திருப்பி அனுப்பிட்டானா அவன்?"

"டேய், கத்தாத. சீரு இல்லடா. செடி."

"இன்னா செடி?"

"சாமந்தி. அண்டாக்குள்ள வெச்சி எடுத்தாந்திருக்கா."

தென்னரசு வேப்பமரத்தடியைப் பார்த்தான். கருப்புக் குச்சிகளைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். "இத நீ நம்புறியா?"

"நம்பறதா வேணாமான்னு எனக்கே தெரியலடா."

"மாமா, நீங்க?"

தேவநாதன் கட்டிலில் உட்கார்ந்து வேகவைத்த மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். "பொண்ணு செடின்னு சொல்லுது. ஊரு சீருன்னு சொல்லுது. நான் இன்னாத்த கண்டேன்? மல்லாட்ட தின்னு."

தென்னரசு மல்லாட்டை தின்கிற நிலையில் இல்லை. போனை எடுத்துப் பூவரசனுக்குப் போட்டான். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தான். எதிர்வீட்டில் கவிதா மாவு ஆட்டுவதை நிறுத்தினாள்.

"இன்னா மாப்ள, அண்டா தவல எல்லாம் அனுப்பிவுட்டுட்டீங்க? எங்ககிட்ட ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா? ஆளு இல்லாத வூடுன்னு நெனச்சிக்கினீங்களா?"

பூவரசன் குரல் காற்றுச் சத்தத்துக்கு நடுவே வந்தது.

"மாமா, அண்டா அங்கியா இருக்கு? நான் நேத்துலேர்ந்து அண்டாவத் தேடிக்கினு இருக்கேன்!"

தேவநாதனுக்குத் தொண்டையில் மல்லாட்டை சிக்கிக்கொண்டது.

"ஏன், உங்களுக்குத் தெரியாதா?" என்றான் தென்னரசு.

"பக்கத்து வூட்டம்மா, ஊருக்குப் போயிருக்கான்னு சொன்னாங்க. அண்டாவோட போனான்னு சொல்லலியே. அவ போனும் எடுக்கல. அவகிட்ட குடுங்க மாமா."

"இருங்க. சண்ட கிண்ட போட்டீங்களா?"

"இல்லியே."

"குடிச்சிட்டு ஏதாச்சும்..."

"மாமா, எனக்கு அந்தப் பழக்கமே கெடையாதே. உங்களுக்கே தெரியுமே. நீங்கதான் கல்யாணத்தன்னைக்கு ஊத்திக் குடுத்தீங்க, நான் வாணாம்னேன்."

தென்னரசு அவசரமாக ஸ்பீக்கரை அணைக்கப் பார்த்தான். கவிதா வீட்டிலிருந்து ஒரு சிரிப்பு வந்து உடனே அடங்கியது.

வெள்ளையம்மாள் போனை வாங்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனாள். சித்ரா ஒரு தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்தாள். இரண்டு கையும் மடியில் கிடந்தது.

"மாப்ள பேசறாரு."

"தண்ணி ஊத்திக்கினு இருக்கேன்னு சொல்லும்மா."

"எங்க ஊத்துற?"

"சொல்லேன்."

வெள்ளையம்மாள் போனைக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே சொன்னாள். சொல்லும்போது அவளுக்கே அது பொய் மாதிரியும் இல்லை, நிஜம் மாதிரியும் இல்லை.

அந்த வாரத்தில் தேவநாதன் ஒரு காரியம் செய்தார். மகள் அந்தத் தொட்டிகளை வைத்துக்கொண்டு நாளெல்லாம் வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. வெற்றிலை, முருங்கை, மல்லி, எதுவாக இருந்தாலும் பட்டுப்போனால் கிளையை நறுக்கிக் கவாத்து செய்து, எரு வைத்து, வெயிலில் விட்டுத் தண்ணீர் பாய்ச்சினால் துளிர்க்கும். அது அவர் கண்ணால் பார்த்த உண்மை. வெள்ளிக்கிழமை சித்ரா தாயோடு மயிலம் கோயிலுக்குப் போன நேரம், பாதித் தொட்டிகளைத் தூக்கிக் களத்து வெயிலில் வைத்தார். கருகின குச்சியை அரிவாளால் மண்மட்டத்துக்கு அறுத்தார். சாணிப்பாலைக் கரைத்துத் தொட்டி வழிய ஊற்றினார்.

திரும்பி வந்த சித்ரா பார்த்தாள். தொட்டிகளைத் திரும்ப நிழலுக்குத் தூக்கினாள். ஆனால் நாலைந்து நாளில் அவற்றின் அடிக்கட்டை கொழகொழவென்று அழுகிவிட்டது. விரலால் தொட்டால் நாற்றம் வந்தது. உறைபனியில் தப்பித்த பச்சை, சாணித் தண்ணீரில் போயிற்று.

"நல்லதுக்குத்தாம்மா பண்ணேன்," என்றார் தேவநாதன்.

"தெரியும்ப்பா."

"ஒரு வார்த்த திட்டேன். திட்டுனா எனக்கு மனசு ஆறும்."

"எல்லாரும் நல்லதுக்குத்தாம்ப்பா பண்றீங்க," என்றாள் சித்ரா. சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். கல்யாணமாகிப் போன அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. அழுகின தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு, மூக்கு வடிய, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் அழுதாள். தேவநாதன் பயந்துபோய் வெள்ளையம்மாளைக் கூப்பிட்டார்.

"செடி போனதுக்கா இப்டி அழுவுது?"

"எனக்கெப்பிடித் தெரியும்? உங்க மவ. நீங்க கேளுங்க."

"நீ பெத்தவ. நீ கேளு."

இருவரும் கேட்கவில்லை. அன்று கருவாட்டுக் குழம்பு வைத்தார்கள். அவளுக்குப் பிடிக்கும் என்பது மட்டும் அவர்களுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்த ஒன்று.

நிழலில் இருந்த மீதித் தொட்டிகளில் ஒன்றும் நடக்கவில்லை. பகலில் சித்ரா ஈரம் தொட்டுப் பார்ப்பாள், தெளிப்பாள், பக்கத்தில் பாய் போட்டுப் படுப்பாள். வெயில் மரத்துக்கு இந்தப் பக்கம் விழும்போது இந்தப் பக்கம், அந்தப் பக்கம் விழும்போது அந்தப் பக்கம் என்று பாயோடு நகர்வாள். செடி நிழலில், அவள் வெயிலில். கவிதா ஒருநாள் வாசலில் நின்று கேட்டாள்.

"இன்னா சித்ரா, செடிக்கு வைத்தியமா, உனக்கு வைத்தியமா?"

"ரெண்டுக்கும்தான்க்கா."

"எப்பப் போற ஊருக்கு?"

"கொழுந்து வரட்டும்."

"வந்தா போயிடுவியா?"

சித்ரா சிரித்தாள். அந்தச் சிரிப்பை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று தெரியாமல் கவிதா போய்விட்டாள்.

மாசி பிறந்த வாரம் தேவநாதன்தான் முதலில் பார்த்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத் திரும்பியவர் தொட்டி பக்கம் குனிந்து நின்றுவிட்டார். கருப்புக் குச்சிக்கு அடியில், மண்ணைப் பிளந்துகொண்டு, சின்ன விரல் நகம் அளவுக்குச் சாம்பல் பச்சை. பக்கத்துத் தொட்டியில் இரண்டு. அதற்கடுத்ததில் கொத்தாக.

"பாப்பா! ஏ பாப்பா! வந்துடுச்சு!"

சித்ரா ஓடிவந்து குந்தினாள். தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். தேவநாதனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சாமந்தியைக் காப்பாற்றியிருக்கிறார். பாதியைக் கொன்றதை அந்த நேரம் மறந்துவிட்டார். மருமகனுக்கு அவரே போன் போட்டார்.

"மாப்ள, கெளம்பி வாங்க. தாய் பொழைச்சிக்கிச்சு!"

"யாரு தாய் மாமா?"

"அட, செடி!"

பூவரசன் மறுநாள் பஸ் பிடித்து வந்தான். கையில் ஒரு பை ஊட்டி வர்க்கி பிஸ்கட். மெலிந்திருந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக வேப்பமரத்தடிக்குப் போய்ச் செடிகளுக்கு முன்னால் மண்டியிட்டான். ஒவ்வொரு கொழுந்தாகத் தொட்டுத் தொட்டு எண்ணினான். கண் கலங்கிவிட்டது.

"செத்துப்போச்சுன்னு நெனச்சனே சித்ரா. குழியில கொட்டச் சொன்னனே. உனக்கு எப்பிடித் தோணுச்சு?"

"கீறிப் பாத்தேன்."

"நிலத்துக்காரருகிட்ட பேசிட்டேன். இந்த சீசனும் நமக்குத்தான். நாளைக்கே அந்தக் கேரட்டு வண்டி கோயம்பேட்ல இருந்து காலியாத் திரும்புது. ஏத்திக்கினு போயிடலாம்."

அவள் எழுந்தாள். அம்மா கூப்பிடுகிறாள் என்று உள்ளே போனாள். அம்மா கூப்பிடவில்லை.

மத்தியானம் இலை போட்டார்கள். தென்னரசும் வந்திருந்தான். ஸ்பீக்கர் விஷயத்தில் பட்ட அவமானத்தைக் கழுவ, கூட்டேரிப்பட்டில் கோழி வாங்கி வந்திருந்தான். சாப்பாட்டு நடுவில் பூவரசன் மனைவியிடம் சாதாரணமாகச் சொன்னான்.

"துணியெல்லாம் எடுத்து வெச்சிக்கோ. வண்டி விடியக்காலையில வந்துடும்."

சித்ரா அவனுக்குச் சோறு போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"செடிய ஏத்திக்கினு போங்க. நான் வரல."

இலையில் எல்லாக் கையும் நின்றது.

"அப்புறமா வர்றியா?"

"தெரியலங்க."

"தெரியலன்னா?"

"தெரியலன்னா தெரியலதான். வர்றப்போ செடிக்காகத்தான் வந்தேன். அப்பிடித்தான் நெனச்சிக்கினு இருந்தேன். இப்ப செடி பொழைச்சிடுச்சு. எனக்குப் போகணும்னு தோணல."

"பாத்தியாக்கா," என்று ஆரம்பித்த தென்னரசை வெள்ளையம்மாள் ஒரு பார்வையில் நிறுத்தினாள்.

பூவரசன் மாமனாரைப் பார்த்தான், மாமியாரைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. வழி தவறி வந்தவன் முகம்தான் இருந்தது.

"நான் இன்னா தப்பு பண்ணேன் மாமா? கேட்டுச் சொல்லுங்க. அடிச்சனா? குடிச்சனா? வேற ஏதாச்சும் உண்டா? நாளெல்லாம் மண்ணுல கெடக்கறேன். யாருக்காக?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல," என்றாள் சித்ரா.

"பின்ன இன்னா?"

"சொல்ல வரலங்க."

தேவநாதன் பேச்சை மாற்ற நினைத்தார். அவருக்குத் தெரிந்த ஒரே பேச்சு செடிதான். "அது கெடக்குது மாப்ள. மேல அவ்ளோ கருகியும் அடி எப்பிடித் தங்குச்சு? அதச் சொல்லுங்க."

பூவரசனுக்கும் அது ஆறுதலாக இருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அதுவா மாமா? அன்னைக்குச் சாயங்காலமே வானம் கண்ணாடியாட்டம் இருந்துச்சு. காத்தே இல்ல. இன்னைக்கு உழுந்துடும்னு தெரிஞ்சிபோச்சு. இருந்த சாக்கு, தார்ப்பாயி எல்லாம் போத்தினேன். பத்தல. வூட்டுக்குள்ள ஓடினேன். என் லுங்கி, வேட்டி, ஜமக்காளம், ஒண்ணு வுடல. கம்பளி ரெண்டும் கொண்டாந்து போத்தினேன். போத்தின துணியே விடியறதுக்குள்ள நனைஞ்சி கல்லாட்டம் ஆயிடுச்சு. எல போச்சு. ஆனா அந்தக் கம்பளி இருந்ததாலதான் மாமா, அடி பொழைச்சிருக்கு."

"கெட்டிக்காரரு," என்றார் தேவநாதன் நிஜமாகவே.

வெள்ளையம்மாள் குழம்புக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் செடிக்குப் போத்திட்டு நீங்க எதப் போத்திக்கினு படுத்தீங்க மாப்ள?"

"நான் எங்க அத்தை படுத்தேன்? வெளிய கட்டையப் போட்டுத் தீ மூட்டிக்கினு விடியவிடிய குந்திக்கினு இருந்தேன்."

"அவ?"

பூவரசன் சித்ராவைப் பார்த்தான். அவள் தண்ணீர்ச் சொம்பை அவன் இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவனைப் பார்க்காமல் சுவரோரம் போய் நின்றாள். பிசைந்த சோறு அவன் விரலிலிருந்து இலையில் உதிர்ந்தது.

"ஜுரத்துல அவ இழுத்துப் போத்திக்கினு படுத்திருந்த கம்பளியத்தான் அத்தை, நான் மொதல்ல உருவினேன்."